நெற்று ஒலிக்கும் நிலங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிவரும் இவ்வட்டத்தில் நான் பெரும்பாலும் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவனுக்குக் கவிதை மேடை பழக்கமில்லை. விழாவில் உரையாற்ற வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "எதைப் பற்றி?" என்றேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள், ஐயா. எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் பத்தாண்டாகப் பேசிவிட்டோம்" என்றார். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவரைக் குடும்பம் என்று அதனைத் தாவர நூலார் கூறுவர். அக்குடும்பத்திலும், எவரும் விதைக்காமல் தாமே முளைத்துத் தாமே உதிரும் காட்டினங்களே என் பொருள்.

இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் நம் கூட்டத்தில் ஓர் இளங்கவிஞர் நல்ல கவிதை ஒன்றைப் படித்தார். அதில் கொன்றை பூத்திருந்தது. கூட்டம் கலைந்து தேநீர் அருந்தும்போது, "எந்தக் கொன்றையைப் பார்த்து எழுதினீர்கள், தம்பி?" என்று கேட்டேன். பேருந்து நிலையத்தருகே நிற்கும் மரத்தைச் சொன்னார். அது பெருங்கொன்றை. தென்கிழக்காசியப் பகுதியிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்து நட்டது. அதன் பூங்கொத்து வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும். நம் பழம்பாடல்களின் கொன்றையோ சரஞ்சரமாகக் கீழ்நோக்கித் தொங்குவது. இதைச் சொன்னபோது அவர் சினக்கவில்லை. "அப்படியானால் அந்த வரியை என்ன செய்வது, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.

அவரையும் துவரையும் ஒரு குடும்பம் என்றால் எவரும் ஒப்புவர். கொன்றையும் வேங்கையும் வாகையும் வேலமரமும் தொட்டாற்சுருங்கியும் அதே குடும்பம் என்றால் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பூவைப் பார்த்தால் உறவு தெரியாது. அவரைப்பூ வண்ணத்துப்பூச்சி போன்றது. கொன்றைப்பூ ஐந்து இதழ் விரிந்தது. வேலம்பூவோ இதழ் மறைந்து மகரந்தத் தாள்களே பஞ்சுருண்டையாய்த் திரண்டது. காயைப் பாருங்கள். காய்ந்த பின் நாம் நெற்று என்று அழைக்கும் அந்த உறையே இக்குடும்பத்தின் அடையாளம். உலகில் ஏறத்தாழ 19,500 இனங்கள் இதில் அடங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூக்கும் தாவரங்களில் சூரியகாந்திக் குடும்பத்துக்கும் ஆர்க்கிடுக் குடும்பத்துக்கும் அடுத்துப் பெரியது இதுவே. பூவின் அமைப்பைக் கொண்டு மூன்று கிளையாக நாங்கள் படித்தோம். 2017இல் அறிஞர்கள் கூடி மரபணுச் சான்றுகளின்படி ஆறு கிளையாக்கிவிட்டார்கள். நான் கற்பித்த பாடம் நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளிலேயே பழையதாயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களை நீங்கள் அறிவீர்கள். அப்பட்டியலைத் தாவரவியலான் கண்கொண்டு பார்த்தால் வாகை, கருவிளை, செருவிளை, ஆவிரை, ஈங்கை, கொன்றை, ஆத்தி, அவரை, பலாசம், பிண்டி, வேங்கை எனப் பதினொரு மலர்களேனும் இக்குடும்பத்தவை. ஞாழல் எதுவென்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் அதனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இத்துறையில் பி. எல். சாமி அவர்கள் 1967இல் வெளியிட்ட செடிகொடி விளக்க நூலும், 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கு. சீநிவாசன் அவர்களின் நூலும் ஒவ்வொரு கவிஞர் மேசையிலும் இருக்க வேண்டியவை. அவற்றோடு திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தில் இருந்துகொண்டு, கடற்கரையிலிருந்து கிழக்கு மலைத்தொடர் வரை நடந்தே திரட்டிய தந்தை கே. எம். மேத்யூ அவர்களின் பெருநூலையும் வைத்துப் பார்த்தால், இலக்கியம் சொன்ன இடத்தில் அந்தச் செடி இன்றும் நிற்கிறதா என்று சரிபார்க்கலாம். பல செடிகள் நிற்கின்றன. வியப்பு அதுதான்.

பாலையிலிருந்து தொடங்குகிறேன். தொல்காப்பியர் வாகையைப் பாலைக்குப் புறனாக வைத்தார். வெற்றிக்கும் வறண்ட நிலத்துக்கும் என்ன உறவு என்று உரையாசிரியர்கள் பல சொல்வார்கள். எனக்குத் தோன்றும் உறவு எளியது: வாகை அங்கேதான் நிற்கிறது. இலையுதிர்ந்த கோடையில் அம்மரத்தில் மிஞ்சுவன வெளிறிய தட்டை நெற்றுகளே. காற்று வீசும்போது உள்ளிருக்கும் விதைகள் ஆடி ஒலிக்கும். குறுந்தொகையின் ஏழாம் பாடல் அவ்வொலியைக் கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலிக்கு ஒப்பிடுகிறது. ஒரு மாணவர் குழுவை வாகை மரத்தடியில் சித்திரை நண்பகலில் கண்மூடி நிற்கச் சொன்னேன். உவமையை விளக்க வேண்டிய தேவை எழவில்லை.

அந்த நெற்றுக்குள் இருக்கும் விதையின் தோல் நீர் புகாத் தோல். வறண்ட நாட்டில் முதல் தூறலை நம்பி முளைத்தால் செடி மடியும். ஆகவே தோல் தேயும்வரை விதை காத்துக் கிடக்கிறது. வாகையின் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் விதைகள் 1793இல் சீனத்தில் திரட்டப்பட்டு இலண்டன் அருங்காட்சியகத்தில் உறங்கின. 1940இல் போர்க்காலக் குண்டுவீச்சில் கட்டடம் தீப்பற்ற, தீயணைக்க ஊற்றிய நீர் பட்டு அவற்றுட் சில முளைத்தன. 147 ஆண்டுகள்! கவிஞர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நான் உரிமை கோரமாட்டேன்.

நான் வைப்பாற்றின் பக்கத்துக் கரிசல் ஊரில் பிறந்தவன். 1979இல் முதுகலை மாணவனாக இருந்தபோது, நெற்று விளையும் செடிகொடிகளின் ஊர்ப்பெயர்களைத் திரட்டுவது என் சிறு ஆய்வு. ஆசிரியர்களும் உழவர்களும் சொன்ன பெயர்கள் ஒரு நோட்டின் பாதிப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. நோட்டை நிரப்பியவர் கிடை போட வந்த ஒரு கீதாரி. அவருடன் ஒரு கோடை முழுதும் ஆட்டின் பின்னே நடந்தேன். கண்மாய் உட்புறத்தில் கருவேல், மேட்டுத் தரிசில் வெள்வேல், தேரி மணலில் குடைவேல் என்று மண்ணைப் பார்த்தே மரத்தைச் சொல்வார். மரத்தைப் பார்த்தே மண்ணைச் சொல்வார். உடை என்றும் வழங்கும் அக்குடைவேல், குடை கவிழ்த்தாற்போல் தலை பரந்தது. தென்தமிழகத்தின் வறண்ட பகுதியிலும் கடல் கடந்து வட ஈழத்திலும் வளர்வது. கொழிஞ்சி, அவுரி, கிலுகிலுப்பை, தகரை, பூனைக்காலி, நரிப்பயறு என ஒவ்வொன்றையும் எந்தத் திங்களில் ஆடு தொடும், எந்தத் திங்களில் தொடாது என்பது வரை அவர் வாயில் இருந்தது. "இத்தனை பெயர் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "ஆடு திங்கிறதுக்கெல்லாம் பேரு இருக்கும் தம்பி. திங்கக் கூடாததுக்கும் பேரு இருக்கும். இது ரெண்டுலயும் சேராதது காட்டுல ஏது?" என்றார். பெயரிடும் கலை குறித்து இதனினும் தெளிவான விளக்கத்தை நான் பின்னாளில் எந்த நூலிலும் படிக்கவில்லை.

வேலமரத்து நெற்றுகளை ஆடு விரும்பித் தின்னும். குடலில் தோல் தேய்ந்த விதை புழுக்கையோடு விழுந்து அடுத்த ஊரில் முளைக்கும். ஆக, கீதாரியின் வழித்தடமே அந்த மரங்கள் பரவிய தடம். இதை அவரிடம் சொன்னபோது அவர் பெருமையாகச் சிரித்தார்.

அதே வழியில்தான் சீமைக்கருவேலும் வந்தது. அதுவும் அவரைக் குடும்பமே. மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. நம் ஊர்களில் அதைக் கொண்டுவந்தவர் இன்ன தலைவர் என்று திண்ணையில் பேசுவார்கள். 1877இலேயே கடப்பைப் பகுதியின் கமலாபுரத்தில் விதைத்த பதிவு உண்டு. பிற்காலத்தில் விறகுக்காகவும் வேலிக்காகவும் நாடெங்கும் தூவினார்கள். இனித்த நெற்று, ஆட்டுக்கு மிக விருப்பம். நம் வேல்கள் ஆண்டுக்கு ஓரடி வளர்ந்த நிலத்தில் இது ஆளுயரம் வளர்ந்தது.

2006இல் நோட்டை எடுத்துக்கொண்டு அதே தடத்தில் நடந்தேன். நரிப்பயறு படர்ந்த பொட்டல் எங்கே என்று தெரியவில்லை; முள்ளுக்குள் நுழைய வழியில்லை. முதுமையில் கண் மங்கியிருந்த கீதாரியைத் தேடிக் கண்டேன். நோட்டைப் பார்த்ததும், "இப்ப எதுக்கு அது? ஒரு பேருதான இருக்கு. அதை எழுத நோட்டு வேணுமா?" என்றார். நெடுநேரம் கழித்து, "நம்ம ஆடுதான் போட்டுச்சு" என்று தாமே சொன்னார். 1979இல் அவரைச் சிரிக்க வைத்த அதே செய்தி அது. சொல்லிக்கொடுத்தவன் நான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. இராமநாதபுரத்துச் சீமையில் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பெரித்தது அது. அதனைச் சபித்துக் கவிதை எழுதுவோர் அதன் விறகில் சோறுண்ட வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதட்டும்.

முல்லைக்கு வருகிறேன். காட்டோரச் செந்நிலமும் புன்செய்யும் கலந்த அந்த நிலம் பயறுகளின் தொட்டில். பாசிப்பயறின் காட்டு மூதாதை இன்றும் நம் நாட்டு மலையடிவாரப் புதர்களில் படர்ந்து கிடக்கிறது. பல்லாரிப் பகுதியின் சாம்பல்மேட்டுக் குடியிருப்புகளில், கி.மு. 2000 அளவிலேயே பாசிப்பயறும் கொள்ளும் சமைத்துண்ட தடயங்களைத் தொல்லியலார் கரிந்த விதைகளாகக் கண்டெடுத்திருக்கிறார்கள். தென்னாட்டு ஆயர் மாடு மேய்த்துக்கொண்டே முதலில் பழக்கியெடுத்த பயிர்களில் இவை அடங்கும்.

காட்டுப்பயறுக்கும் வீட்டுப்பயறுக்கும் உள்ள வேறுபாட்டை என் அப்பத்தாதான் எனக்கு முதலில் கற்பித்தார். பஞ்சக் காலத்தில் நரிப்பயறு பறிக்கப் போவதானால் விடியுமுன்னே, பனி ஈரம் காயுமுன்னே போக வேண்டும் என்பார். வெயில் ஏறினால் நெற்று முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறிவிடும். மடியில் இட்ட நெற்றும் வெடிக்கும். வீட்டுப்பயறு அவ்வளவு எளிதில் வெடிக்காது, அறுப்பவனுக்காகக் காத்திருக்கும். வெடிக்காத நெற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்ததால் அதற்கு வெடிக்கும் குணம் தளர்ந்தது. விதையின் நீளுறக்கமும் போயிற்று. விதைத்தவுடன் முளைக்கிறது. மனிதனோடு வாழ வந்த செடி முதலில் விட்டது, தன் பிள்ளைகளைத் தானே தூவும் உரிமையை. அப்பத்தாவுக்கு இது தெரியாது. ஆனால் நரிப்பயறைச் சிறிது மதிப்போடுதான் பேசுவார்.

காட்டினத்தை நாம் மறந்தாலும் வீட்டினத்துக்கு நோய் வந்தால் உறவைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. துவரையின் காட்டு உறவுகள் பல நம் மலைகளில் உண்டு. முன்பு தனிப் பேரினமாக இருந்தவற்றை 1986இல் துவரையின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அவற்றுள் தரையோடு படரும், மயிரடர்ந்த சிறு கொடி ஒன்று வேலியோரங்களில் கிடக்கும். எவரும் குனிந்து பார்ப்பதில்லை. 2004இல் குஜராத்தில் வெளியான கலப்பினத் துவரைக்கு ஆண்மலட்டுத் தன்மையைத் தந்தது அந்தக் கொடியின் உயிரணுச் சாறுதான்.

கொன்றைக்கும் முல்லைக்கும் உள்ள உறவை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஐயம் உண்டு. கார்காலத்தில் தலைவன் வருவான். கொன்றை பூப்பது கார்காலத்தின் அறிகுறி. இன்றைய நம் கொன்றையோ பங்குனி சித்திரையிலேயே பொன்னாகிவிடுகிறது; மேற்கே சேரநாட்டில் விஷுக் கணியில் வைக்கும் பூ அது. ஆவணிக்கு முன் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. பருவமல்லாப் பருவத்தில் கொன்றை மயங்கிப் பூத்தது என்று தோழி சொல்லும் பாடல்களைப் படிக்கும்போது, அது தேற்றும் பொய் மட்டுமா, கோடை மழையில் பூத்த மரத்தை உண்மையாகவே கண்டவர் சொன்னதா என்று எண்ணுவேன். மழைக்குப் பின் சில மரங்கள் இரண்டாம் முறை சிறிது பூப்பதையும் பார்த்திருக்கிறேன். புலவர்கள் இதை ஆராய வேண்டும். என் கையில் விடை இல்லை.

இன்னொரு செய்தி. இக்குடும்பத்தின் பெரும்புகழ் வேர்முடிச்சு. முடிச்சுக்குள் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்கு ஏற்றதாக மாற்றித் தரும். 1886இல் ஜெர்மானிய அறிஞர் இருவர் இதனை நிறுவினர். பயறு விதைத்த நிலம் வளம் பெறுவது இதனால். ஆனால் கொன்றைக்கு வேர்முடிச்சு கிடையாது! ஆவிரைக்கும் இல்லை. குடும்பத்தில் மிகுதியாகப் பாடப்பட்டவை உழைக்காத பிள்ளைகள். பெயரறியாக் கொழிஞ்சியே வயலுக்கு உரமாகிறது. இதைக் கவிஞர்களைப் பற்றிய குறிப்பாக எவரும் கொள்ளவேண்டாம்.

மலையேறினால் வேங்கை. பாறைமேல் உதிர்ந்த பூவைப் புலிக்குட்டியென்று மயங்கும் காட்சியும், வேங்கை பூக்கத் தினை முற்றும் என்ற காலக்கணிப்பும் உங்களுக்குப் பழகியவை. பட்டையைக் கீறினால் குருதிபோல் வடியும் அதன் பாலில் செய்த பொட்டைக் குழந்தை நெற்றியில் இட்ட தாய்மார் இன்றும் உண்டு. இன்னும் மேலே, தென்மேற்கு மலைகளின் ஈரக் காடுகளில் அம்போல்டுத்தியா என்றொரு பேரினம் இருக்கிறது. உலகில் தென்மேற்கு மலைத்தொடரிலும் இலங்கையிலும் அன்றி வேறெங்கும் இயல்பாக இல்லை. அதன் சில இனங்கள் தண்டின் கணுவிடையைக் குழாயாக்கி எறும்புக்கு வீடு தருகின்றன. கபிலர் கண்ணில் படவில்லை போலும். நீலகிரிப் புல்வெளிகளிலோ ஆஸ்திரேலிய வாட்டில் மரம் ஏறியிருக்கிறது. முதுமலையில் பொன்மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கி யானைக்கும் மானுக்கும் உதவாத அமெரிக்கச் சென்னா மரம் பரவியிருக்கிறது. சுற்றுலா வருவோர் அதனைக் கொன்றையென்றே படம் எடுத்துச் செல்கிறார்கள். இரண்டும் இதே குடும்பம். பகை உறவுக்குள்ளேதான் முளைக்கிறது.

மருதத்தில் ஏரி நீரில் நிற்கும் நெட்டி. வேரில் மட்டுமன்றித் தண்டிலேயும் முடிச்சிட்டு வாழும் அரிய செடி. அதன் வெண்மையான சோற்றைச் சீவித் தஞ்சைக் கலைஞர்கள் கோயில் வடிவங்கள் செய்கிறார்கள். 2020இல் அக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தால் போதாது, செடி வளர நீர் நிற்கும் ஏரியும் வேண்டும். நெய்தலில் கழற்சிக்கொடி, கூழாங்கல் போன்ற அதன் விதை மிதந்தே கடல் கடக்கும்.

ஐந்திணைக்குள் அடங்காத ஒரு மரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். செம்மரம், வேங்கையின் உடன்பிறப்பு. ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளிலும் அதையொட்டிய சிறு தமிழகப் பகுதியிலும் மட்டுமே இயல்பாக வளர்வது. ஒரு மரம் உலகில் ஒரே மூலையில் மட்டும் வளர்ந்தால், அதன் விலையை அம்மூலையில் வாழ்பவரே செலுத்த நேர்கிறது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேசாசலக் காட்டில் நம் மாநிலத்து மலையோர ஊர்களைச் சேர்ந்த தொழிலாளர் 20 பேர் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். மரம் கடல் தாண்டிப் போய்ச் சேரும் வீடுகளில் அவர்கள் பெயர் எவர்க்கும் தெரியாது. தாவரப் பரவலைப் பற்றிப் பேசவந்த நான் இதைத் தாவரவியலுக்குப் புறம்பானது என்று ஒதுக்க இயலவில்லை.

நேரம் கடந்துவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வாயிலருகே மேசைமேல் சில தட்டுகள் வைத்திருக்கிறேன். வாகை, கொன்றை, வேங்கை, குடைவேல், கழற்சி, குன்றி, நரிப்பயறு ஆகியவற்றின் நெற்றும் விதையும். ஒவ்வொரு தட்டிலும் பெயர் எழுதிய அட்டை உண்டு. கீதாரி சொன்ன பெயரே எழுதியிருக்கிறேன். நரிப்பயறு மட்டும் ஒரு கைப்பிடிதான் கிடைத்தது. அதற்கு மூன்று ஊர் அலைந்தேன். அந்த இளங்கவிஞர் இங்கே இருக்கிறார். கொன்றை நெற்றைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள், தம்பி. வரியை மாற்றுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு நாம் இருவரும் பேசிக்கொள்வோம்.

விரும்புவோர் வேண்டியதை எடுத்துச் செல்லலாம். விதைக்க எண்ணுவோர் வாகை, குடைவேல் விதைகளைக் கொதித்து இறக்கிய நீரில் இட்டு ஓர் இரவு ஊறவைத்து நடுக. குன்றிமணி எடுப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: அழகாக இருக்கும், ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்குத் தீங்கு செய்யும் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.